கிறவல் றோட்டுக்கு முன் ஷொக்: ஒயிலா, ஸ்பிரிங்கா, முழுசா மாத்துறதா?

துணுக்காய்_பல்சர்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். பைக் பல்சர் 150, பழைய மொடல், முன் பைப் 31 மி.மீ. ஓட்டம் கூட துணுக்காய், மல்லாவி உள் றோட்டுகளில. மாங்குளத்தால ஏ9 ஏறி கிளிநொச்சிப் பக்கமும் போறது. பின்னுக்கு ஆள், முன்னுக்கு ராங்கில அரிசி மூட்டை எண்டு பாரமும் இருக்கும்.

பிரச்சினை மூண்டு. பாரத்தோட பிரேக் பிடிச்சால் முன் ஷொக் அடி வரைக்கும் போய் முட்டுது. இடப்பக்கப் பைப்பில ஒயில் வளையம் கட்டுது. சின்னக் குழியிலயும் ஹாண்டிலில "டக்" எண்டு ஒரு தட்டு.

ஒரு கராஜில 20டபிள்யூ40 எஞ்சின் ஒயில் ஊத்தச் சொல்லினம், இன்னொரு இடத்தில 37 மி.மீ ஷொக் செற்றையே மாத்தச் சொல்லினம். வீட்டில செய்யக்கூடியது எது, கடைக்குக் குடுக்க வேண்டியது எது? ஸ்பனர் செற், அலன் கீ இருக்கு.

கோன்செற்

காசு செலவழிக்க முதல் அந்தத் தட்டு எங்கயிருந்து வருதெண்டு பாருங்கோ. நடு ஸ்ராண்டில விட்டு, எஞ்சினுக்குக் கீழ கட்டை வச்சு முன் சில்லைத் தூக்குங்கோ. ரெண்டு ஷொக்கையும் அடியில பிடிச்சு முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து ஆட்டுங்கோ. கழுத்தில ஆட்டம் தெரிஞ்சால் அது ஷொக் இல்லை, கோன் செற் (ஹாண்டில் கழுத்துக்குள்ள இருக்கிற பேரிங்). பிறகு ஹாண்டிலை மெல்ல இடம் வலம் திருப்புங்கோ. நேர நிக்கிற இடத்தில ஒரு பள்ளத்தில விழுற மாதிரி பிடிச்சால் போல்ஸ் ஓடுற பாதை குழி விழுந்திட்டுது. இறுக்கிச் சரிவராது, மாத்தத்தான் வேணும்.

ரயர் காத்தையும் பாருங்கோ. இந்த வகைக்கு முன்னுக்கு 25 பிஎஸ்ஐ. காத்தடிக்கிற இடங்களில 35 அடிச்சு விடுறது வழமை. கிறவலில அந்த ரயர் கல்லு மாதிரி, ஷொக்குக்குத்தான் பழி.

அளவுகோல்

கோன்செற் சொன்னது சரியெண்டால் மிச்சத்துக்கு வாறன்.

இந்தப் பைக்கின்ர ஷொக்குக்குள்ள வால்வு எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. துளை போட்ட ஒரு தண்டு, அதுக்குள்ளால ஒயில் போய் வாறது, அவ்வளவுதான். அடி முட்டுறதுக்குக் காரணம் கூடுதலாகத் தளர்ந்த ஸ்பிரிங், குறைஞ்ச ஒயில். ரெண்டையும் வீட்டிலயே சரி செய்யலாம்.

முதல் அளவு எடுங்கோ. பைப்பில ஒரு கேபிள் ரையை, தானா வழுக்காம, தள்ளினால் மட்டும் நகருற மாதிரிக் கட்டுங்கோ. முன் சில்லு தரையில முட்டாம இருக்கேக்க டஸ்ட் சீலிலயிருந்து (மண் புகாம வெளியில இருக்கிற ரப்பர்) பைப்பைப் பிடிக்கிற கீழ்க் கிளாம்ப் வரைக்கும் உள்ள நீளத்தைக் குறிச்சு வையுங்கோ. பிறகு வழமையாப் போற பாரத்தோட ஏறி இருந்து, இன்னொராளைக் கொண்டு அதே நீளத்தை எடுப்பியுங்கோ. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த ஓட்டத்தில (ஷொக் முழுசா அமரக்கூடிய தூரம்) 30 தொடக்கம் 35 வீதம் இருந்தால் நல்லது. ஓட்டம் 125 மி.மீ எண்டால் 38 தொடக்கம் 44. அறுபதுக்குக் கிட்ட வந்தால் ஸ்பிரிங் தளர்ந்திட்டுது. ஓடி, நல்லா பிரேக் பிடிச்ச பிறகு கேபிள் ரை நிக்கிற இடத்தைப் பாருங்கோ. அடிக்கு 10, 15 மி.மீ மிச்சம் இருக்க வேணும்.

கழட்டுற ஒழுங்கு:

பைப் கிளாம்பில இறுக்கமா இருக்கேக்கயே மேல் மூடியை ஒரு சுற்று இளக்குங்கோ. வெளிய எடுத்த பிறகு பிடிக்க ஒண்டும் இருக்காது. பிரேக் கலிப்பரைக் கழட்டி கம்பியால கட்டுங்கோ, ஹோஸில தொங்க விட வேண்டாம். பிரேக் பாட் ரெண்டுக்கும் நடுவில ஒரு மரத்துண்டு வையுங்கோ. யாராவது லீவரை அமத்தினால் பிஸ்டன் வெளிய வந்திடும்.

சில்லு, மட்கார்ட், பிறகு ஷொக். மூடிக்குக் கீழ ஸ்பிரிங் அழுத்தத்தில நிக்குது, அதால மூடியைக் கையால அமத்திக்கொண்டு கழட்டுங்கோ, முகத்தை மேல வைக்காதேங்கோ. பழைய ஒயிலை வெளிய ஊத்திப்போட்டு ஒரு பத்துத்தரம் பம்ப் பண்ணி, கவிட்டு வச்சு வடிய விடுங்கோ.

ஒயில் 10டபிள்யூ ஃபோர்க் ஒயில். அது கிடைக்காட்டி டெக்ஸ்ரன் 3 ஏரிஎஃப் (ஓட்டோ கியர் ஒயில்), பாகுத்தன்மை கிட்டத்தட்ட அதே வகைதான். ஊத்துற அளவு உங்கட மொடல் கைநூலில இருக்கும். ஆனால் முழுசாப் பிரிச்சுக் காய விட்ட ஷொக்குக்கு ஒரு அளவு, வடிய விட்டு மாத்துறதுக்கு அதை விடக் குறைஞ்ச அளவு, அதைக் கவனியுங்கோ. மி.லி கணக்கை விட உயரக் கணக்கு நம்பிக்கை. ஸ்பிரிங் வெளிய, பைப் முழுசா உள்ள இறங்கி, ஷொக் நேர நிக்க, பைப் வாயிலயிருந்து ஒயில் மட்டம் வரைக்கும் ஸ்கேலால அளவுங்கோ. உள்விட்டம் 26 மி.மீ எண்டால் 10 மி.லி கூடினாலே மட்டம் கிட்டத்தட்ட 19 மி.மீ ஏறும். கண்மதிப்பில ஊத்தினால் ரெண்டு பக்கமும் ரெண்டு விதமா நிக்கிறது இதாலதான்.

பிறகும் அடி முட்டினால் ஒயில் மட்டத்தை 10 மி.மீ உயர்த்துங்கோ. மேல உள்ள காத்து குறைஞ்சு கடைசிப் பகுதி மட்டும் விறைக்கும். கனக்க உயர்த்தினால் ஒயில் சீல் தெறிக்கும்.

வன்னி_வேகம்

இஞ்ச எல்லாரும் 20டபிள்யூ40 ஊத்தித்தான் ஓடினம். ஷொக் நல்லா விறைப்பா நிக்குது. ஏன் இவ்வளவு கணக்கு?

அளவுகோல்

விறைப்பா நிக்கும் தம்பி, ஏ9 மாதிரி காப்பெற் றோட்டில குறையும் தெரியாது. கிறவலில பாருங்கோ. துளையின்ர அளவு மாறாது, அதுக்குள்ளால ஒயில் போற வேகம் ரெண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்குக்குக் கிட்டப் போகும். தடிச்ச ஒயிலோட திடீர் குழியில ஷொக் அசையாது, அடி நேர கைக்கு வரும். மற்றது, அமந்த ஷொக் திரும்ப எழும்ப முதல் அடுத்த அலை வந்திடும். அப்பிடியே படிப்படியாத் தாழ்ந்து, கடைசியில அடியிலயே நிண்டு ஓடும். அடி முட்டுறதை நிப்பாட்ட ஊத்தின ஒயில் அடியில கொண்டு போய் விடுது. பாரத்தைத் தாங்குறது ஸ்பிரிங், ஒயில் இல்லை.

லேத்படி

ஸ்பிரிங் பற்றி. ஸ்பேசர் (ஸ்பிரிங்குக்கு மேல வைக்கிற துண்டு) போடுறது ஈசி: தடிச்ச பிரஷர் பிவிசி பைப், ஷொக் பைப்புக்குள்ள ஆட்டமில்லாம வழுக்கிப் போற விட்டம், ரெண்டு நுனியும் நேர வெட்டி, ரெண்டு பக்கமும் வொஷர். 10 மி.மீ ஸ்பேசர் கூட்டினால் முன்பக்கம் கிட்டத்தட்ட 10 மி.மீ உயரும். ஸ்பிரிங் விறைக்காது, நிக்கிற உயரம் மட்டும்தான் மாறும்.

விறைக்க வேணுமெண்டு சுருள் வெட்டுற பழக்கம் ஒண்டு இருக்கு. வெட்ட முதல் கணக்குப் பாருங்கோ. உதாரணத்துக்கு நீளம் 400 மி.மீ, கம்பி 4 மி.மீ, 60 சுருள். முழுசா ஒட்டினால் 240. அப்ப அமரக்கூடியது 160. ஓட்டம் 125, முன் அழுத்தம் (பூட்டேக்கயே ஸ்பிரிங் அமந்து நிக்கிற அளவு) 20, தேவை 145, மிச்சம் 15. ஆறு சுருள் வெட்டினால் 11 வீதம் விறைக்கும், ஆனால் அமரக்கூடியது 144 ஆகிடும். ஓட்டம் முடிய முதல் சுருளோட சுருள் முட்டும். நாலு வெட்டினால் 4 மி.மீ மிச்சம், விறைப்பு 7 வீதம்தான். அதுக்கு வெட்டாமலே விடலாம். பாரம் எப்பவும் உண்டெண்டால் அதே நீளம், அதே விட்டத்தில தடிச்ச கம்பி ஸ்பிரிங் தேடுங்கோ, இந்த முட்டுற கணக்கை அதுக்கும் போடுங்கோ. ஒருநாளும் காஸ் சுடரால வெட்ட வேண்டாம், சூடு பட்ட இடம் இளகிடும்.

37 மி.மீ செற் வேண்டாம். ரெண்டு கிளாம்ப், அச்சு, சில்லு, டிஸ்க், கலிப்பர் எண்டு எல்லாம் சேந்து வரும். நீளம் வித்தியாசப்பட்டால் ஹாண்டில் பிடிக்கிற விதமே மாறும். உங்கட மூண்டு பிரச்சினையில ஒண்டுக்கும் அது மருந்தில்லை.

கடைக்குக் குடுக்க வேண்டியது பைப்பின்ர நேர். கண்ணாடித் தட்டில உருட்டினால் பெரிய வளைவு தெரியும். 0.2 மி.மீக்கு மேல வளைஞ்சிருந்தால் கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ லேத்தில டயல் கேஜ் வச்சு வளைவு அளக்கிறவையிட்டக் குடுங்கோ. சுத்தியலால அடிச்சு நிமித்துற இடத்தில குடுக்க வேண்டாம், நிமித்தின இடம் நசுங்கிப் பைப் உள்ள பிடிக்கும்.

துணுக்காய்_பல்சர்

நன்றி அண்ணா. கழுத்தில ஆட்டம் இருக்கு, கோன் செற் கடையில மாத்துறன். சீல் நான் போடலாமா? அடி அலன் போல்ட்டை முறுக்கினால் உள் தண்டும் சேந்து சுத்துமெண்டினம்.

கோன்செற்

முதல் சீல் பழுதோ, மண் புகுந்ததோ எண்டு பாருங்கோ. டஸ்ட் சீலை மேல தள்ளிப்போட்டு, பழைய எக்ஸ்ரே படத்தில ரெண்டு சென்ரிமீற்றர் அகலத் துண்டு வெட்டி, நுனியைக் கொக்கி மாதிரிச் செய்து, சீலுக்கும் பைப்புக்கும் நடுவில விட்டு சுத்தி இழுங்கோ. சிவப்பு மண் வெளிய வரும். கனதரம் அதோடயே ஒழுக்கு நிக்கும்.

மாத்துறதெண்டால் அடி போல்ட்டை ஸ்பிரிங், மூடி எல்லாம் இருக்கேக்கயே இளக்குங்கோ, ஸ்பிரிங் தண்டை அமத்திப் பிடிக்கும். பிறகும் சுத்தினால் விளக்குமாத்துத் தடியின்ர நுனியைக் கூராச் சீவி, மேலால விட்டுத் தண்டின்ர தலையில இறுக்குங்கோ. அடி செப்பு வொஷரைப் புதுசாப் போடுங்கோ, பழையது ஒழுகும். பைப் வாயை பொலித்தீனால மூடி, ஒயில் தடவி, சீலை ஸ்பிரிங் உள்ள பக்கம் கீழ பாக்க இறக்குங்கோ. அடிக்கிறதுக்குச் சீலின்ர வெளி விளிம்பில மட்டும் படுற பிவிசி பைப். சேர்க்ளிப் (சீலைப் பிடிச்சு நிக்கிற வளையம்) இருக்கிற தவாளிப்பு முழுசாத் தெரியும் வரைக்கும் இறங்க வேணும்.

பைப்பில துரு முள் இருந்தால் 1000 நம்பர் பேப்பரில ஒயில் விட்டுத் தேயுங்கோ. சீல் ஓடுற இடத்தில குழியே விழுந்திருந்தால் எத்தினை சீல் போட்டாலும் நிக்காது. முல்லைத்தீவுக் கரைப் பக்கம் ஓடுற பைக்குகளில இது கூட. ரப்பர் கூடு போட்டால் மண்ணுக்கு நல்லது, ஆனால் அடியில உள்ள காத்துத் துளை அடைபட்டால் மாரித் தண்ணி உள்ளயே நிண்டு பைப்பைத் திண்டிடும்.

பூட்டேக்க அச்சு நட்டை இறுக்கி, பக்கத்துக் கிளாம்ப் போல்ட்டை இறுக்க முதல் பைக்கை நிலத்தில விட்டு முன் ஷொக்கை நாலைஞ்சு தரம் அமத்துங்கோ. ரெண்டு காலும் தங்கட நேருக்கு வந்த பிறகுதான் அந்த போல்ட்.

துணுக்காய்_பல்சர்

சரி. கேபிள் ரை கட்டி அளவு எடுத்துப்போட்டு இலக்கங்களை இஞ்ச போடுறன்.