13 வயதுக்கு ரப்பர் பேண்ட் போதுமா?

பேஸ்லைன்அப்பா: மகளுக்கு 13 வயது, வாரம் ஐந்து நாள் டென்னிஸ். பலத்துக்கென்று கோச் கொடுத்திருப்பது இழுத்துப் பழகும் ரப்பர் பேண்ட், பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துவது), வெறும் உடம்போடு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), அவ்வளவுதான். ஆறு மாதமாக இதேதான். கூட ஆடும் பையன் ஜிம்மில் பார்பெல் தூக்குகிறான், சர்வ் இடி மாதிரி இறங்குகிறது. இவள் பின்தங்கிவிடுவாளோ?

இரும்புக்கை: ஏற்கெனவே பின்தங்கியாயிற்று. ரப்பரை இழுத்து யாருக்குப் பலம் வந்தது? பளு தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்பதெல்லாம் பழைய பயம். பக்கத்தில் ஆள் நின்று முறையாகச் செய்ய வைத்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்தில்லை.

தோள்பட்டை: உயர விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் பையனின் சர்வ் பார்பெல்லால் வந்ததா, ஒரே வருடத்தில் கிடுகிடுவென்று வளர்ந்ததால் வந்ததா? பந்தை அடித்த பிறகு கையைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கத்துச் சின்னத் தசைகள். அடிக்கிற தசை ஆடி ஆடியே தேறிவிடும், பிரேக் போடுகிற இவை தேறாது. பளுவைக் கூட்டினால் பெரிய தசை புகுந்து இவற்றின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் பேண்ட். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டு. கையை வெளிப்பக்கம் இழுத்து, திரும்பும்போது மூன்று எண்ண வேண்டும். 15 தடவை, இரண்டு செட், வாரம் மூன்று நாள், ஆட்டம் முடிந்த பிறகு. பாதிப் பிள்ளைகள் இழுத்துவிட்டுப் பட்டென்று விட்டுவிடுவார்கள். அந்தத் திரும்பும் பாதியில்தான் பயிற்சியே இருக்கிறது.

இரும்புக்கை: தோளுக்குச் சரி. காலுக்கு? சர்வின் விசை காலில்தானே கிளம்புகிறது? ஆறு மாதம் அதே ஸ்குவாட் என்றால் அது பயிற்சி இல்லை, சடங்கு.

தோள்பட்டை: நியாயம்தான். முட்டி உள்ளே சாயாமல் 15 வந்துவிட்டால் நெஞ்சோடு ஒரு சின்ன டம்பெல்லைப் பிடிக்கச் சொல்லலாம். அதுவும் லேசான பயிற்சிதான். தசை பருக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள், இந்த வயதில் பலம் கூடுவதில் பெரும்பங்கு நரம்பு பழகுவதால். அப்புறம், அவளுக்குக் கீழ்முதுகு வலி ஏதும் உண்டா?

பேஸ்லைன்அப்பா: இப்போதுதான் கேட்டேன். சர்வுக்குப் பின்னால் வளையும்போது இரண்டு வாரமாக வலிக்கிறதாம். என்னிடம் சொல்லவே இல்லை!

தோள்பட்டை: அப்படியென்றால் பேண்டா பார்பெல்லா என்ற பேச்சை மூட்டை கட்டுங்கள். சர்வை இன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு முள்ளெலும்பில் மயிரிழை விரிசல் இப்படியும் ஆரம்பிக்கும்.

இரும்புக்கை: இதில் எனக்கும் மறுபேச்சில்லை. கூட்டிக்கொண்டு போங்கள் சார்.