புதுப்பிப்பு: பின் சக்கரம் மட்கார்டில் உரசிய சிக்கல் தீர்ந்தது

காருக்கு அகலமான டயர் மாற்றிய பின், பின்னிருக்கையில் ஆட்கள் ஏறினால் தொப்பூர் கணவாய் வளைவுகளில் பின் சக்கரம் மட்கார்டின் உள்விளிம்பில் உரசுகிறது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி. இப்போது முழுப் பாரத்திலும் உரசல் இல்லை.

பலனளித்தது ஓசூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் சொன்ன முறைதான். சக்கரத்தைக் கழற்றி, சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பில் பொருத்தும் ரோலரை (விளிம்பை உள்பக்கமாக அழுத்தி மடக்கும் உருளைக் கருவி) மாட்டி, ஹீட் கன்னால் விளிம்பை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியபடி முன்னும் பின்னும் உருட்டினேன். ஆறிய பெயின்ட் வெடிக்கும் என்பதால், உருட்டுவதைவிடச் சூடேற்றுவதற்கே அதிக நேரம் பிடித்தது. டயருக்கும் விளிம்புக்கும் இடையே கிரிக்கெட் மட்டையைச் செருகி வண்டியை நகர்த்தும் யோசனையை நான் தொடவில்லை. செலவில்லாத வழிதான், ஆனால் தகடு வெளியே பிதுங்கினால் டிங்கரிங் கூலி ரோலர் வாடகையை விழுங்கிவிடும்.

எதிர்பாராத ஒன்று: பின் மட்கார்டின் விளிம்பில் உள்தகடும் வெளித்தகடும் ஸ்பாட் வெல்டால் சேர்ந்திருப்பதால், மடங்கும்போது இடையிலிருந்த சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) விரிசல் விட்டது. அதை அப்படியே விட்டால் தண்ணீர் புகுந்து உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஆகவே புதிய சீலன்ட் பூசி, காய்ந்த பின் துரு தடுக்கும் பிரைமரும் பெயின்ட்டும் அடித்தேன். பம்பர் சேரும் மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகையும் பார்த்துவிடுங்கள். விளிம்பு மடங்கிய பிறகும் டயரைக் கீறியது அதுதான்.