"இன்னும் 2 வருஷத்தில் கொமாண்ட்" என்கிறார்கள், வெளியிலிருந்து ஓஃபர் வந்திருக்கிறது: போவதா, இருப்பதா?

வலது சீட்டுக்காரன்:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். வயது 33. ரத்மலானையில் செஸ்னா என்ற சின்ன விமானத்தில் தொடங்கி இப்போது ஏர்பஸ் ஏ320இல் ஃபர்ஸ்ட் ஒஃபிசர், அதாவது வலது சீட்டில் இருக்கும் துணை விமானி. லொக்புக்கில் 3,900 மணித்தியாலம், கெப்டனாவதற்குத் தேவையான ஏடிபிஎல் லைசென்சும் கையில் இருக்கிறது. வளைகுடாக் கம்பனி ஒன்று கூப்பிடுகிறது: பெரிய விமானம், அதே வலது சீட், சம்பளம் இங்கே எடுப்பதைப் போல இரண்டரை மடங்கு, வீடும் தருகிறார்கள். இங்கே இருந்தால் 2 வருஷத்தில் கொமாண்டாம், அதாவது கெப்டன் பதவி. மனைவி வெள்ளவத்தையை விட்டு வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட 20ஆம் திகதி வரை நேரம். கம்பனிப் பெயர்களைக் கேட்காதீர்கள், ஊகித்தாலும் இங்கே போடாதீர்கள்.

கட்டுநாயக்க நானா:
தம்பி, போக வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது போகாதே. எங்கள் தொழிலில் கம்பனி மாறும்போது கொண்டுபோக முடிந்தது லைசென்சும் மணித்தியாலமும்தான், சேர்ந்த வரிசைப்படி கிடைக்கும் சீனியோரிட்டி நம்பர் வாசலோடு சரி. வங்கியில் 10 வருஷம் இருந்தவன் அடுத்த வங்கிக்கு மனேஜராகப் போகலாம், நீ 10 வருஷம் பறந்துவிட்டுப் போய் அங்கே போன மாதம் சேர்ந்த பெடியனுக்குக் கீழே நிற்பாய். லீவு கேட்டாலும் அவனுக்குப் பிறகு, கொமாண்ட் என்றாலும் அவனுக்குப் பிறகு. இங்கே இடது சீட்டில் ஏறி 500 மணித்தியாலமாவது கெப்டனாக ஓட்டு, அதற்குப் பிறகு நீ கதவைத் தட்டவே தேவையில்லை. ஏ320 ஓடாத நாடு எது?

மணல்காற்று:
நானா, அந்தக் கதையை எனக்கும் சொன்னார்கள். 2016இல் "2 வருஷம்" என்றார்கள், 2018இலும் அதே 2 வருஷம்தான். கடையில் "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று போர்ட் மாட்டியிருப்பார்களே, அந்த நாளை மாதிரி. கொமாண்ட் எங்கள் திறமையைப் பார்த்தா வருகிறது, கம்பனியிடம் எத்தனை விமானம் இருக்கிறது என்பதைப் பார்த்து வருகிறது. ஒரு ஏ320ஐ ஒழுங்காக ஓடவைக்க நாலைந்து கெப்டன்மார் வேண்டும், குத்தகை முடிந்து இரண்டு விமானம் திரும்பிப் போனால் எட்டுப் பத்து இடம் அப்படியே போய்விடும். 2023இல் பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் உலோகக் கோளாறு என்று தெரியவந்து உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ஏர்பஸ்கள் தரையில் நின்றன, அதற்கு எந்த ஃபர்ஸ்ட் ஒஃபிசர் பொறுப்பு? நான் 2019இல் வெளியே வந்தேன். இன்றுவரை வருத்தப்படவில்லை.

திரும்பி வந்தவன்:
நான் 2018இல் போனேன், 2020இல் திரும்பி வந்தேன். வீடியோ கோல் ஒன்றில் சேரச் சொன்னார்கள், மொத்தமே பதினொரு நிமிஷம், நாங்கள் நாற்பது பேர். எனது கமராவை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. வீடு அவர்களது, விசா அவர்களது, மகனின் பள்ளிக்கூடக் காசு அவர்களது, எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டது. காரை விற்கப் போனால் என்னைப் போல இன்னும் இருபது பேர் விற்க நிற்கிறார்கள்.

கொழும்புக்கு வந்து ஒன்றேகால் வருஷம் சும்மா இருந்தேன். 90 நாளில் 3 டேக்-ஓஃப், 3 லேண்டிங் இல்லாவிட்டால் பயணிகளை ஏற்றி ஓட்ட முடியாது, சிமுலேட்டரில் செய்யலாம் என்றால் கம்பனி இல்லாதவனுக்கு அந்தச் செலவை யார் கொடுப்பது? வெள்ளவத்தையில் மாமாவின் கடையில் கணக்கு எழுதினேன். வருகிறவர்கள் "பைலட் தம்பி, தேங்காயெண்ணெய் என்ன விலை?" என்று கேட்பார்கள், பகிடியாகத்தான். ஆட்குறைப்பு வந்தால் பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்தவன்தான் முதலில் வெளியே. அதை யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மணல்காற்று:
உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 2020ஐ வைத்து எல்லாவற்றையும் அளந்தால் யாரும் எங்கேயும் போக முடியாது. ஹொங்கொங்கில் கதே ட்ராகன் என்ற கம்பனியையே அந்த ஒக்டோபரில் இழுத்து மூடினார்கள், அங்கே 20 வருஷச் சீனியோரிட்டி வைத்திருந்தவன் அதை என்ன செய்தான்? சரி, இங்கேயே இருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்களா? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360க்கு வந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமான எண்ணெய் இல்லாமல் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போன காலம். லீவில் வந்தபோது காஸ் சிலிண்டர் வரிசையில் யூனிபோமுடன் நின்ற கெப்டனைக் கண்ணால் பார்த்தேன்.

கட்டுநாயக்க நானா:
அந்த வரிசையில் நானும் நின்றேன் தம்பி, ஒருவேளை நீர் பார்த்தது என்னைத்தான். ஆனால் அதே வருஷம் என்னோடு இருந்த கெப்டன்மார் 4 பேர் ஆறு மாதத்துக்குள் வெளியே போனார்கள், நாலு பேரும் கெப்டனாகவே போனார்கள். ஃபர்ஸ்ட் ஒஃபிசர்மார் வந்த ஓஃபரை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் சொல்வது அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை கணக்கர்:
நான் விமானி இல்லை, விமானிகள் இருவருக்கு வரிக் கணக்குப் பார்ப்பவன். இரண்டரை மடங்கு என்பது எந்தச் சம்பளம், அடிப்படையா, பறக்கும் காசும் சேர்த்தா? இங்கே மேல்தட்டில் 36 வீதம் வரி போகிறது, அங்கே போகாது, அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் இங்கே ஈபிஎஃப்பில் (ஊழியர் சேமலாப நிதி) கம்பனி 12 வீதம் போடுகிறது, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். ஐக்கிய அரபு இராச்சியச் சட்டப்படி பணிக்கொடை முதல் 5 வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். அடிப்படை சிறிதாக இருந்தால் அதுவும் சிறிதுதான். ஓஃபர் கடிதத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்.

ரத்மலானை 152:
அண்ணாமார், என்னிடம் 210 மணித்தியாலமும் அப்பாவின் காணியை ஈடு வைத்த கடனும் இருக்கிறது, வேலை இல்லை. நீங்கள் வேண்டாம் என்று சண்டை பிடிக்கும் அந்த வலது சீட்டை எனக்குத் தரலாமே.

விமானி வீட்டுக்காரி:
தம்பி 152, உங்கள் கதைக்குத் தனித் திரி தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இந்த வாக்குவாதம் 2021 கடைசியில் நடந்தது, போவது என்று முடிவாகி நாலு வருஷம் வெளியில் இருந்தோம். காசைப் பற்றி எனக்குக் குறை இல்லை. இங்கே இருந்தபோது விடிய 2.30க்கு அவரைக் கூட்டிப்போகக் கம்பனி வான் வரும், மாமி எழும்பித் தேத்தண்ணி போடுவா, மாலைக்குள் சென்னையோ மாலைதீவோ போய்த் திரும்பிவிடுவார். அங்கே நீண்ட தூரம். வீட்டுக்கு வந்தாலும் ஆள் வேறு நாட்டு நேரத்தில் இருப்பார், பகல் பன்னிரண்டு மணிக்குத் திரைச்சீலையை மூடிவிட்டு நாங்கள் கிசுகிசுவென்று கதைப்போம். மகள் ஒருநாள் "அப்பா இப்ப எந்த நாட்டு நித்திரை?" என்று கேட்டாள். உங்கள் மனைவி பதில் சொல்லாமல் இருப்பதற்கு இப்படி ஏதாவது காரணம் இருக்கும், இங்கே கேட்பதை விட்டு அவரிடம் கேளுங்கள்.

வலது சீட்டுக்காரன்:
அக்கா, கேட்கிறேன். எல்லாருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்: ஏ320 டைப் ரேட்டிங்குக்கு, அதாவது அந்த விமானத்தை ஓட்டும் தகுதிப் பயிற்சிக்கு, இடையில் விலகினால் காசு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்த பொண்ட் இன்னும் 11 மாதம் இருக்கிறது. பிணை நின்றவர்கள் மாமனாரும் சித்தப்பாவும்.

கட்டுநாயக்க நானா:
இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! மீதிக் காலத்துக்கு மட்டும் கட்ட வேண்டுமா, முழுத் தொகையா? நோட்டீஸ் எத்தனை மாதம்? இந்தியாவில் 2017இலிருந்து கெப்டனுக்கு 12 மாதம், ஃபர்ஸ்ட் ஒஃபிசருக்கு 6 மாதம் என்று விதியே இருக்கிறது, உன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பார்.

மணல்காற்று:
இதில் நானாவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். புதுக் கம்பனியிடமும் கேளுங்கள், சிலர் பொண்ட் காசைக் கட்டிவிட்டுச் சம்பளத்தில் பிடிப்பார்கள். அப்புறம் சீனியோரிட்டி லிஸ்டை எடுத்து எண்ணுங்கள்: உங்களுக்கு மேலே எத்தனை ஃபர்ஸ்ட் ஒஃபிசர், கெப்டன்மாரில் 65 வயதைத் தொட்டு ஓய்வுபெறப்போகிறவர்கள் எத்தனை பேர். அவர்கள் சொல்லும் 2 வருஷத்தை அதை வைத்துப் பாருங்கள்.

வலது சீட்டுக்காரன்:
எண்ணிவிட்டேன். எனக்கு மேலே 17 பேர். கடந்த 3 வருஷத்தில் கொமாண்ட் ஏறியவர்கள் 9. அந்த 17இல் 4 பேர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. அப்படிப் பார்த்தாலும் 2 வருஷம் வரவில்லை, நாலுக்கு மேல் வருகிறது.

கட்டுநாயக்க நானா:
ம். நாலு என்றால் யோசிக்கத்தான் வேண்டும். நான் 2 என்று நினைத்துத்தான் எழுதினேன்.

வலது சீட்டுக்காரன்:
பொண்ட் மீதிக் காலத்துக்கு மட்டும்தான், நோட்டீஸ் 3 மாதம். வியாழக்கிழமை சிமுலேட்டர் செக். அது முடிந்த கையோடு சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன், அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

கட்டுநாயக்க நானா:
வெறுங்கையோடு போகாதே. ஒரு கிலோ மஸ்கட்டாவது வாங்கிக்கொண்டு போ.