லெ லியோனே அப்படி என்னதான் எழுதினார்?

மூன்றாம் வரிசை:
தாங்களே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளுக்குள் எழுதிப் பார்க்கும் பிரெஞ்சு இலக்கியக் குழுவான ஊலிப்போ பற்றி எதைப் படித்தாலும் பிரான்சுவா லெ லியோனே வந்துவிடுகிறார். வேதியியல் பொறியாளர், செஸ் என்றால் உயிர், எழுத்தாளர் ரெமோன் கெனோவோடு சேர்ந்து 1960 நவம்பரில் பாரிஸில் அந்தக் குழுவைத் தொடங்கியவர். சரி. ஆனால் கெனோவுக்கு நாவல்கள் இருக்கின்றன, அதே குழுவின் எழுத்தாளர் பெரெக் பிரெஞ்சில் அதிகம் புழங்கும் உயிரெழுத்தையே விட்டுவிட்டு முழு நாவல் எழுதினார். இவர் கூட்டம் கூட்டியவர் மட்டும்தானா?

பகா எண்:
கூட்டம் கூட்டியதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். கெனோவின் 1961 புத்தகத்தில் பத்து சானெட்டுகள் (14 வரிக் கவிதைகள்), ஒவ்வொரு வரியும் தனிக் கீற்றாக வெட்டப்பட்டிருக்கும், எந்தச் சானெட்டின் வரியையும் இன்னொன்றின் அதே இடத்தில் வைத்துப் படிக்கலாம். 14 வரிக்கும் பத்துப் பத்துத் தேர்வு என்றால் மொத்தம் கோடி கோடி கவிதைகள். ஐந்தாறு எழுதியதும் தொடரலாமா என்று கெனோ தயங்கியிருக்கிறார். சோதனை இலக்கியத்துக்கென்று ஒரு குழு அமைப்போம் என்று லெ லியோனே சொன்ன பிறகுதான் தெம்பு வந்து மீதியை முடித்தார், இதைக் கெனோவே சொல்லியிருக்கிறார். அந்தப் புத்தகத்தின் பின்னுரை லெ லியோனே எழுதியது.

ஏட்டுச்சுவடி:
ஊலிப்போவின் முதல் இரண்டு அறிக்கைகளும் அவருடையவைதான். பழைய இலக்கியத்தில் ஒளிந்திருக்கும் கட்டுப்பாடுகளைத் தேடிப் பார்ப்பது ஒரு வேலை, கணிதத்திலிருந்து புதுக் கட்டுப்பாடுகளை உருவாக்குவது இன்னொரு வேலை என்று பிரித்தவர் அவர். தாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்தது முன்பே யாரோ செய்ததாக இருந்தால், அதை 'முன்கூட்டியே அடித்த காப்பி' என்றார். எனக்கு உடனே உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகம்தான் நினைவுக்கு வந்தது. நம் சித்திரகவிக்காரர்களை அவர் அறிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

பகா எண்:
ஒன்றை விட்டுவிட்டேன். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் இருந்ததால் 1944-இல் கைதாகி டோரா வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார், வி-2 ராக்கெட்டுகளைச் சுரங்கத்துக்குள் செய்யவைத்த முகாம் அது. அங்கே தலை எண்ணுவதற்காக மணிக்கணக்கில் நிற்கவைக்கும்போது, தனக்கு நினைவிலிருந்த ஓவியங்களை, ஒவ்வொரு மூலையிலும் என்ன இருக்கிறது என்பது வரை, பக்கத்தில் நின்ற இளைஞனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். 1946-இல் அதை ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். என்னைக் கேட்டால் அவர் எழுதியதிலேயே உயர்ந்தது அதுதான். 1948-இல் அவர் தொகுத்த கணிதச் சிந்தனை பற்றிய பெரிய நூலையும் பாருங்கள், ஆக்கிரமிப்புக் காலத்திலேயே தொடங்கிய வேலை அது. கணிதவியலாளர் ஆந்த்ரே வெய்யும், பூர்பாக்கி என்ற புனைபெயரில் எழுதிய கணிதவியலாளர் குழுவும் எழுதிய அதே நூலில் கெனோவும் கட்டடக் கலைஞர் லெ கோர்பூசியேவும் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாம் வரிசை:
டோரா பற்றித் தெரியாமலே கேட்டுவிட்டேன். அந்தக் கட்டுரையை முதலில் படிக்கிறேன். அப்புறம் 1983-இல் அவருடைய, எண்களை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றின் சிறப்பையும் சொல்லிக்கொண்டு போகும் ஒரு புத்தகம் வந்ததே, கணிதம் அதிகம் தெரியாதவர் அதைப் படிக்க முடியுமா?

ஏட்டுச்சுவடி:
தாராளமாக. பிடித்த எண்ணைத் திறந்து படியுங்கள், வரிசையாகப் போகவேண்டியதில்லை.