கூடையிலிருந்து பார்க்காமல் ரெண்டு மீன் எடுத்தால் நிகழ்தகவு எப்படி?

பாம்பன் அக்கா:
பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். கூடையில் 6 சூடை, 4 காரல், பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாக 2 எடுக்கிறோம், திருப்பிப் போடுவதில்லை. ரெண்டுமே காரலாக இருக்க 4/10 × 4/10 என்கிறான், எனக்கு அது சரியாகப் படவில்லை. விளக்கிச் சொல்லுங்க அண்ணே.

தொண்டிக்காரன்:
உங்க சந்தேகம் சரிதான்மா. முதல் காரல் வெளியே வந்ததும் கூடையில் மிச்சம் 9 மீன், அதில் காரல் 3தான், அதனால் 4/10 × 3/9 = 12/90, சுருக்கினால் 2/15. தம்பி போட்ட கணக்கில் 4/25 வரும், அது எடுத்த மீனைத் திரும்பக் கூடையில் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடி எடுத்தால்தான் பொருந்தும்.

மண்டபம் மாமா:
'குறைந்தது ஒரு காரலாவது' என்றும் பரீட்சையில் கேட்பார்கள், அதற்கு நேராகப் போகாதீங்க. ரெண்டுமே சூடையாக வரும் வாய்ப்பு 6/10 × 5/9 = 1/3, அதை 1-லிருந்து கழித்தால் 2/3, வேலை முடிந்தது. அப்புறம், நிஜக் கூடையில் செய்து காட்டாதீங்க: காரல் தட்டை, சூடை நீளம், கை பட்டதுமே தெரிந்துவிடும், சமவாய்ப்பு போச்சு. ஒரே அளவில் 10 சீட்டு மடித்துக் குலுக்கி, ரெண்டு ரெண்டாக எடுக்கச் சொல்லுங்க, நிறைய தடவை எடுத்து எண்ணினால் 2/15-க்குப் பக்கத்தில் வருவதை அவனே பார்ப்பான்.