ஏற்றத்தில் இழுவை இல்லை, ஃபியூவல் ஃபில்டரை மாற்றினால் சரியாகுமா?

பழையவண்டி:
வணக்கம். ஆறு மாதத்துக்கு முன்பு கைமாறி வந்த பெட்ரோல் கார், 95,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, சர்வீஸ் பதிவு எதுவும் கையில் இல்லை. சமதளத்தில் நன்றாகத்தான் போகிறது. ஐடிலிங்கிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாலு பேர் உட்கார்ந்து ஏற்றம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் பிக்கப் வராமல் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் திணறுகிறது, காலைக் கொஞ்சம் எடுத்தால் மறுபடி சரியாகிவிடுகிறது. காலையில் இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஃபில்டர் அடைத்திருக்கும், மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். வண்டியோடு வந்த புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்றே போடவில்லை. உண்மையில் எப்போது மாற்றவேண்டும்? நானே மாற்றலாமா?

ஸ்பேனர்12:
முதலில் உங்கள் வண்டியில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அது டேங்குக்குள்ளேயே பம்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும், தனியாக மாற்றுவதற்கென்று செய்ததே இல்லை, அதனால்தான் சில புத்தகங்களில் கிலோமீட்டர் கணக்கு இருக்காது. பழைய மாடல்களில் வண்டிக்கு அடியில், டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயின் நடுவே, உள்ளங்கை அளவில் ஒரு தகர உருளையாக இருக்கும். அப்படி வெளியே இருந்தால் பொதுவாக 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றுவார்கள். உங்களுடையது அப்படி இருந்து, இதுவரை யாரும் தொடாமல் இருந்தால், காலம் தாண்டிவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஆனாலும் ஒரு விஷயம். ஏற்றத்தில் திணறுவது ஃபில்டரால் மட்டும் வருவதில்லை. பம்ப் தளர்ந்தாலும் வரும், ஏர் ஃபில்டர் அடைத்தாலும் வரும், ஸ்பார்க் பிளக்கோ அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலோ லோடில் (இன்ஜின் பாரம் இழுக்கும்போது) மிஸ் அடித்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். ஊகத்தில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் முடிவே இருக்காது. அதனால் ஃபியூவல் பிரஷரை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும் வண்டியை ரேஸ் செய்து பார்த்தால் போதாது, இன்ஜின் அப்போது கொஞ்சம்தான் பெட்ரோல் குடிக்கும், அடைத்த ஃபில்டர்கூட அதைச் சமாளித்துவிடும். ஓட்டும்போது, லோடில் பார்க்கவேண்டும். ஃபில்டருக்கு முன்னால் (டேங்க் பக்கம்) பிரஷர் நிற்கிறது, பின்னால் (இன்ஜின் பக்கம்) விழுகிறது என்றால் ஃபில்டர்தான். இரண்டு பக்கமும் சேர்ந்து விழுந்தால் பம்பையோ டேங்குக்குள் இருக்கும் வலையையோ பாருங்கள்.

டீசல்வண்டி:
கேட்டவர் பெட்ரோல் வண்டிக்காரர்தான், ஆனாலும் இதைப் படிக்கும் டீசல்காரர்களுக்காக எழுதுகிறேன். பெட்ரோலில் தள்ளிப்போட்டால் பெரும்பாலும் வண்டி திணறுவதோடு போகும். டீசலில் தள்ளிப்போடவே கூடாது. காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) பிரஷர் 1,600 பார், 2,000 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்று போகும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளிகள் மைக்ரான் கணக்கில்தான். அதற்குள் கொஞ்சம் தண்ணீரோ துகளோ போனால் இன்ஜெக்டரும் ஹை பிரஷர் பம்பும் சேர்ந்து கெடும். என் வண்டியில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்ததைப் பார்த்தும், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். நாலு இன்ஜெக்டரையும் மாற்றவேண்டி வந்தது. அந்த விளக்கு எரிந்தால் அன்றைக்கே ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, அடியில் தங்கியிருக்கும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் இறக்கிவிடுங்கள், சுத்தமான டீசல் வரும்வரை. ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, ஃபில்டரை மாற்றி முடித்ததும் ஏர் எடுக்காமல், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றாமல், செல்ஃப் அடிக்காதீர்கள். கையால் அமுக்கும் பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள், மின்சார பம்ப் உள்ள வண்டியில் சாவியை ஆன் நிலையில் சில வினாடி வைத்து அணைப்பதை நாலைந்து தடவை செய்யுங்கள். புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிப் போடுகிறவர்கள் உண்டு. நடுத்துளையில் ஊற்றினால் அது ஃபில்டரைத் தாண்டிய பக்கம், வடிகட்டாத டீசல் நேராக இன்ஜெக்டருக்குப் போய்விடும். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் குழாயின் நட்டைத் தளர்த்தவே தளர்த்தாதீர்கள், பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், சின்னக் காயம்போல் தெரியும், கையையே இழக்கவேண்டி வரலாம்.

பழையவண்டி:
இருவருக்கும் நன்றி. கீழே படுத்துப் பார்த்தேன், டேங்குக்கு முன்னால் வெளியேதான் இருக்கிறது. துருப் பிடித்துப்போய், பேர் எழுத்துகூடத் தெரியவில்லை. மெக்கானிக்கிடம் கேஜ் வைத்துப் பார்க்கச் சொன்னேன், ஓட்டும்போது ஃபில்டருக்குப் பின்னால் 3 பாரில் நிற்கவேண்டிய பிரஷர் ஏற்றத்தில் 2க்குக் கீழே விழுகிறது, ஃபில்டருக்கு முன்னால், டேங்க் பக்கம் இறங்கவே இல்லை. அப்போது ஃபில்டர்தானே? மாற்றும் முறையைச் சொன்னால் நானே செய்துபார்க்கிறேன்.

ஸ்பேனர்12:
ஃபில்டர்தான், சந்தேகம் வேண்டாம். செய்யலாம், ஆனால் பெட்ரோல் என்பதை ஒரு நொடியும் மறக்காதீர்கள். திறந்த வெளியில், சூடு முழுக்க ஆறிய வண்டியில் மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்குப் பழைய குண்டு பல்பு வேண்டாம், ஒரு சொட்டு பட்டு அது உடைந்தால் போதும் தீப்பிடிக்க, எல்இடி டார்ச் எடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் வையுங்கள்.

குழாயில் பிரஷர் இருக்கும்போது கழற்றினால் முகத்தில் அடிக்கும். அதனால் வண்டியைத் தூக்கும் முன்பே, இன்ஜின் ஓடும்போது பம்பின் ஃப்யூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள், இன்ஜின் தானாக நின்றுவிடும், பிறகு இரண்டு மூன்று வினாடி செல்ஃப் அடித்தால் மீதியும் போய்விடும். அப்புறம் சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். அப்படியும் கொஞ்சம் பெட்ரோல் கொட்டும், அடியில் தட்டும் துணியும் வையுங்கள்.

குழாய்கள் பிளாஸ்டிக் க்ளிப்பில் மாட்டியிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், பழைய பிளாஸ்டிக் பட்டென்று உடைந்துவிடும், பிறகு குழாயையே மாற்றவேண்டும். முதலில் உள்ளே தள்ளி, க்ளிப்பை அமுக்கி, அப்புறம் இழுக்கவேண்டும். மண் ஒட்டியிருந்தால் கழுவிவிட்டுத் தொடுங்கள். புது ஃபில்டரின் மேல் அம்புக்குறி இருக்கும், அது இன்ஜின் பக்கம் பார்க்கவேண்டும். ஓ-ரிங்கோ வாஷரோ இருந்தால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். மாட்டியதும் குழாயை இழுத்துப் பாருங்கள், க்ளிக் என்று உட்கார்ந்திருந்தால் வராது.

பிறகு ஃப்யூஸ், பேட்டரி இரண்டையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மூன்று வினாடி விட்டு அணையுங்கள், மூன்று நாலு தடவை. கீழே படுத்து இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட். கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியவேண்டாம், டேங்கிலிருந்து பெட்ரோல் நுழையும் வாயைக் கவிழ்த்து வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள். டேங்குக்குள் என்ன நிலைமை என்று அதுவே சொல்லும்.

பழையவண்டி:
ஞாயிற்றுக்கிழமை செய்தேன். க்ளிப் ஒன்று அரை மணி நேரம் படுத்திவிட்டது, மற்றபடி சொன்னபடியே எல்லாம் வந்தது, ஒழுகல் இல்லை. ஏற்றத்தில் இப்போது மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது, காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட். பழைய ஃபில்டரைக் கவிழ்த்தேன், தேநீர் நிறத்தில் பெட்ரோலும் மணல்போல் துருவும் வந்தது. இது கவலைப்படவேண்டிய விஷயமா?

ஸ்பேனர்12:
கொஞ்சம் கவலைதான். டேங்க் துருப்பிடித்திருக்கலாம், வண்டி நீண்ட நாள் பாதி டேங்கோடு சும்மா நின்றிருந்தால் இப்படி ஆகும். இந்தப் புது ஃபில்டரை 5,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் பழைய அழுக்குதான், இன்னொரு புதுசு போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். மறுபடியும் துரு வந்தால் டேங்கை இறக்கிப் பார்க்கவேண்டும், பம்பின் அடியில் இருக்கும் வலையும் அப்போது மாறட்டும். அதுவரை டேங்க் காலியாகும் அளவுக்கு ஓட்டாதீர்கள், பம்பைக் குளிர வைப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

பழையவண்டி:
சரி அண்ணா, மீட்டரைக் குறித்து வைத்துவிட்டேன். 1,00,000 தாண்டும் நேரத்தில் கழற்றிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.