மறு: ‘ஹெல்’ என்பதற்கு நரகமா, அளறா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு கணினி நிரல் (புரோகிராம்) நம்பியிருக்கும் மற்ற நிரல்களின் பதிப்புகள் ஒன்றோடொன்று மோதும் சிக்கலை ‘டிபென்டென்சி ஹெல்’ என்கிறார்கள். அதற்குச் ‘சார்பு நரகம்’ என்று முந்தைய மடலில் வந்திருந்தது. பொருள் விளங்குகிறது. ஆனாலும் இரண்டு சொல்லுமே எனக்கு உறுத்துகின்றன.

முதலில் நரகம். பேச்சில் அதைப் பெரும்பாலும் வேதனைக்குத்தான் சொல்கிறோம். பல்வலி வந்தால் ‘நரக வேதனை’. கோடையில் மின்சாரம் போன இரவும் நரகம்தான். கூடவே பாவம், எண்ணெய்க் கொப்பரை, எமகிங்கரர் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். ஆனால் நிரலருக்கு (புரோகிராமருக்கு) நேர்வது வேறு, பாருங்கள். ஒரு நிரலுக்கு ஒரு நிரலகத்தின் (பிற நிரல்கள் எடுத்தாளும் ‘லைப்ரரி’) முதல் பதிப்பு வேண்டும், இன்னொன்றுக்கு அதன் இரண்டாம் பதிப்பு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது விழுகிறது. அதைத் தூக்கி நிறுத்த மூன்றாவதாக ஒன்றை இறக்கினால், அதற்கு இன்னும் நான்கு தேவை. சேற்றில் மாட்டியதுபோல், காலை எடுக்க எடுக்க உள்ளே போகிறது.

வள்ளுவர் நரகத்தை ‘அளறு’ என்கிறார். சேறு என்பதும் அதன் பொருள். ‘தான்புக் கழுந்தும் அளறு’ (குறள் 835), ‘பூரியர்கள் ஆழும் அளறு’ (919). அழுந்துதல், ஆழ்தல் என்ற அந்த வினைகள் சேற்றுக்குப் பொருந்துபவை, நெருப்பு அங்கே இல்லை. 255ஆம் குறளில், ஊன் உண்டவனை விழுங்கிய அளறு அவனை வெளியே விட வாய் திறக்காது. நம் நிரலரின் நிலை அப்படியே இதுதான்! புறநானூற்றில் நரகத்தைக் குறிக்கும் ‘நிரயம்’ பழைய சொல்தான், ஆனால் அதில் இந்தச் சேறு இல்லை. ‘புதைகுழி’ எல்லோருக்கும் புரியும், அதில் நரகம் இல்லை. அளற்றில் இரண்டும் உண்டு. கயிறு, கயிற்றில் என்பதுபோல் அளறு, அளற்றில் என்று உருபேற்பதால் எழுதவும் சிரமமில்லை.

அப்புறம் ‘சார்பு’. பள்ளிக் கணிதத்தில் ‘ஃபங்ஷன்’ என்பதையே சார்பு என்று படிக்கிறோம். நிரலிலும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) உண்டு, எனவே குழம்பும். ‘சார்நிரல்’ என்று வைக்கலாமா? குடிக்கும் நீர் குடிநீர் ஆவதுபோல, நாம் சார்ந்திருக்கும் நிரல் சார்நிரல்.

ஒரு கையேட்டு வரியில் போட்டுப் பார்த்தேன்: “சார்நிரல் அளற்றில் சிக்காமலிருக்க, ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மெய்நிகர் சூழல் அமைக்கவும்.” (மெய்நிகர் சூழல் என்பது ‘வர்ச்சுவல் என்விரான்மென்ட்’, ஒரு திட்டத்தின் சார்நிரல்களை மற்றவற்றோடு கலக்காமல் பிரித்து வைக்கும் இடம்.) எனக்குத் தடங்கல் இல்லாமல் படிக்க வருகிறது.

பிறகு அழைக்கச் சொல்லி ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்துவைக்கும் இன்னொரு ஃபங்ஷன்தான் கால்பேக். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நிரல் எழுதுவோர் சொல்லும் ‘கால்பேக் ஹெல்’லும் ஒன்றுக்குள் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருப்பதுதான், அங்கும் அளறு பொருந்தும். கால்பேக்குக்கு ‘பின்னழைப்பு’ என்று தற்காலிகமாகப் போட்டு வைத்திருக்கிறேன். அதைவிடச் சரியான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.